துருப் பிடித்த வில்லோவும் பவளமக்காவின் வேலியும்

1. வெள்ளைக் கால்சட்டை

அன்று எங்கள் தோட்டத்தைப் பார்க்க வந்த கவுன்சில் ஆட்களில் ஒரு பெண்மணி வெள்ளைக் கால்சட்டை போட்டு வந்திருந்தார். வயலுக்கு வெள்ளை உடுத்து வருகிறவர்களைப் பன்னிரண்டு வருடமாகப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு வழக்கமாகச் சேறுதான் பிடிக்கும். இந்த அம்மா வில்லோ வரிசைக்குள் இருபது அடி போய்த் திரும்பி வந்தபோது, முழங்காலில் இருந்து இடுப்பு வரை செம்மஞ்சள். யாரோ மஞ்சள்தூள் டப்பாவைக் கவிழ்த்துவிட்ட மாதிரி இருந்தது.

"இது என்ன?" என்று கேட்டார்.

"மகரந்தம்," என்றார் எங்கள் ஒப்பரேஷன்ஸ் மனேஜர் பிரசன்னா, கண் இமைக்காமல். "தேனீக்களுக்கு மிகவும் நல்லது."

வில்லோ பூப்பது மார்ச் மாதத்தில். அன்று யூலை. அந்தத் தூள் மகரந்தம் இல்லை, துரு நோய். ஒரு பூஞ்சணம் இலையின் அடிப்பக்கத்தில் குடியேறி, செம்மஞ்சள் கொப்புளம் கொப்புளமாக வெடித்து, தன் வித்துகளைக் காற்றிலும் கால்சட்டையிலும் ஏற்றி அனுப்பும். தோட்டம் முழுக்க அதுதான் நடந்துகொண்டிருந்தது. ஓகஸ்ட் வருமுன் இலை கொட்டிவிடும் என்பது எனக்குத் தெரியும். இலை இல்லாமல் குளிர்காலத்துக்குள் போகிற அடிக்கட்டைகளில் பாதி வசந்தத்துக்கு எழும்பாது என்பதும் தெரியும்.

நான் வாயைத் திறக்கவில்லை. விருந்தாளிகளுக்கு முன்னால் மனேஜரைத் திருத்துவது மரியாதை இல்லை என்று என் எலும்பில் ஊறிய ஒரு பழக்கம். மார்க்கெட்டிங் பிள்ளை அந்தச் செம்மஞ்சள் வயலைப் படம் எடுத்து, 'கோடையின் பொன்னிறம்' என்று கம்பனியின் இணையப் பக்கத்தில் போட்டது. நோயைப் படம் பிடித்து முன்வாசலில் மாட்டிய கம்பனியில் நான் வேலை செய்திருக்கிறேன் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம், ஓய்வு பெற்றாயிற்று.

2. நான் உடன்பட்ட மீற்றிங்

முதலில் என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். நான் நிர்மலா, விவசாயப் பட்டதாரி, அந்தக் கம்பனியின் பீல்ட் ஒபிசர். ஒபிஸ் வால்தம்ஸ்டோவில். தோட்டம் லண்டனின் கிழக்கு விளிம்பில், முன்பு சரளைக்கல் தோண்டிய நிலத்தில். வில்லோ என்பது கிரிக்கெட் மட்டை செய்கிற மரத்தின் குடும்பம். தடியை வெட்டி மண்ணில் குத்தினால் முளைக்கும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை அடியோடு வெட்டினால், அடிக்கட்டையிலிருந்து பத்துப் பன்னிரண்டு தடி மறுபடியும் எழும்பும். வெட்டியதைச் சீவல் சீவலாக அரைத்துப் பொயிலரில் போட்டால் அடுக்குமாடி வீடுகளுக்கு வெந்நீர். இதுதான் வியாபாரம்.

பிரசன்னா இந்த நகரத்திலேயே பிறந்த பிள்ளை. எம்.பி.ஏ. அவருடைய தாய் என் மைத்துனிக்கு ஒன்றுவிட்ட சகோதரி. அவருடைய கலியாணவீட்டில் நான் பந்தியில் சோறு பரிமாறியிருக்கிறேன். ஒபிஸில் என்னை 'நிர்மலா' என்பார், காருக்குள் ஏறினால் 'நிர்மலா அன்ரி'. வாசலுக்கும் காருக்கும் இடையில் எங்கே மாறுகிறது என்று நான் கவனித்துப் பார்த்ததுண்டு. கார்க் கதவு சாத்தியதும் மாறும்.

தோட்டம் போடத் தொடங்கியபோது நான் ஆறு வகை வில்லோவைக் கலந்து நட்டுத் திட்டம் போட்டிருந்தேன். ஒரு வகையில் வளர்ந்த துரு அடுத்த செடிக்குப் பறந்து போகும்போது, அது வேறு வகையாக இருந்தால் பெரும்பாலும் பிடிக்காது. நோய் செத்துப்போகாது, சோம்பேறியாகும். எங்கள் தொழிலில் அதுவே பெரிய வெற்றி. பிரசன்னாவிடம் நாற்றுப் பண்ணை அனுப்பிய விளைச்சல் பட்டியல் இருந்தது.

"அன்ரி, இந்த லிஸ்ட்டிலை முதலாவதுதானே பெஸ்ட்? பிறகேன் ரெண்டாவதையும் ஆறாவதையும் நடுறம்?"

"தம்பி, எல்லாம் ஒண்டாயிருந்தால், வருத்தமும் எல்லாத்துக்கும் ஒண்டாத்தான் வரும்."

"வந்தால் மருந்து அடிப்பம்."

"நாலு மீற்றர் உயரத்துக்கு எப்பிடி அடிக்கிறது? அடிச்சாலும் நோய் இருக்கிறது இலைக்குக் கீழை."

"ஓகே. அதை ரிஸ்க் ரெஜிஸ்டரிலை போடுவம்."

ரிஸ்க் ரெஜிஸ்டர் என்பது ஒரு எக்செல் தாள். ஆபத்தை அதில் எழுதினால் ஆபத்து தீர்ந்தது என்று கணக்கு. அடுத்த செவ்வாய்க்கிழமை மீற்றிங்கில் எல்லாரும் வட்டமாக இருந்தார்கள். ஒரே வகை என்றால் அறுவடை மெஷினுக்கு வசதி என்றார் ஒருவர், படத்துக்கு வடிவு என்றார் இன்னொருவர். கடைசியில் பிரசன்னா என் பக்கம் திரும்பி, "நிர்மலா, உங்களுக்குச் சம்மதமா?" என்றார்.

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவருடைய தாயின் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்று யோசித்தேன். தலையை ஆட்டினேன். எங்கள் தலையாட்டலைப் பற்றி வெள்ளைக்காரர்களுக்குச் சந்தேகம் வருவதுண்டு, பிரசன்னாவுக்கு வராது. கூட்டக் குறிப்பில், அதாவது மினிட்ஸில், 'நிர்மலா உடன்பட்டார்' என்று ஏறியது.

3. பயித்தங்காய்க்குக் கொஞ்சம் தடி

மிஞ்சிய ஐந்து வகையும் கட்டுக் கட்டாக ஏற்கனவே வந்து குளிர் அறையில் கிடந்தன. 'அகற்றவும்' என்று ஈமெயில் வந்தது. அகற்றினார்கள், அதாவது வெளியே எடுத்துக் கொட்டகைக்குப் பின்னால் போட்டார்கள். இரண்டு கிழமை வெயிலிலும் மழையிலும் கிடந்தன. ஆளுயரத் தடி, நேரான தடி. எறிய மனம் வராமல் காரில் ஏற்றிக் குட்மேய்ஸில் இருக்கும் என் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

எங்கள் தெருவில் பின்வளவில் பயித்தங்காய் போடாத தமிழ் வீடு இல்லை, கொடி ஏறத் தடி எல்லாருக்கும் வேண்டும். முன்வீட்டுப் பவளமக்கா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஐந்து வகையிலும் பாதிப் பாதிக் கட்டு கொடுத்தேன், மிச்சத்தை மற்ற வீடுகளுக்குப் பகிர்ந்தேன்.

"முளைச்சுக் கிளைச்சுப் போகாதே?" என்று கேட்டார்.

"இல்லை அக்கா. இது செத்த தடி."

பட்டதாரி வாக்கு. மே மாதம் தெரு முழுக்க ஐந்தாறு வளவுகளில் பயித்தங்காய்க் கொடிக்கு முன்னால் தடி துளிர்த்தது. வேறு ஆட்கள் என்றால் பிடுங்கி எறிந்திருப்பார்கள். எங்கள் ஆட்களுக்குத் துளிர்த்த தடியைப் பிடுங்க மனம் வராது, ஆனால் அதை எல்லைக்குத் தள்ளி நட மனம் வரும். யாழ்ப்பாணத்தில் இதற்குக் கதியால் என்று பெயர். வேலிக்கு நடுகிற தடி வேர் விட்டுவிட்டால் அது வெறும் வேலி இல்லை, சாட்சி.

பவளமக்காவுக்குச் சாட்சி தேவைப்பட்டது. பக்கத்து வீட்டுக்கும் அவருக்கும் நடுவில் இருந்த பலகை வேலி ஒரு புயலில் விழுந்த நாளிலிருந்து, அது எங்கே நின்றது என்பதில் ஒரு சாண் வித்தியாசம். பக்கத்து வீடு செந்தில், கோயம்புத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் வேலை. பவளமக்கா தான் நினைத்த கோட்டில் வில்லோவை நெருக்கமாக நட்டார். வெளிச்சம் மறைக்கிறது என்று செந்தில் முறையிட, ஒவ்வொரு குளிர்காலமும் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார். அடியோடு வெட்டித் தழைக்க விடுகிற கொப்பிசிங் என்று நாங்கள் வகுப்பு எடுக்கிற விஷயத்தை அவர் கோபத்தில் செய்துகொண்டிருந்தார்.

4. வேலிக்கு ஓணான் சாட்சி

வெள்ளைக் கால்சட்டை அம்மா சலவைக்குக் கொடுத்த பிறகும் கறை போகவில்லையாம். கம்பனிக்குக் கடிதம் வந்தது. அதன் பிறகுதான் தோட்டத்தில் நோய் இருப்பதை நிர்வாகம் கண்டுபிடித்தது. நான் யூன் மாதத்திலிருந்து அனுப்பிய நான்கு ஈமெயில்களும் செய்யாததைக் கறை செய்தது.

ஒரு ஆலோசகர் வந்தார். வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். அவரைக் கூப்பிட்டதும் கம்பனி, வழிகாட்டியதும் கம்பனி. ட்ரோனில் மேலிருந்து மருந்து அடிக்கலாம் என்றார். நான் ஒரு இலையைப் பறித்துப் புரட்டிக் காட்டினேன். "அருமையான குறிப்பு," என்று எழுதிக்கொண்டார். அவருடைய ரிப்போர்ட்டில் நோய்க்கு மூன்று காரணங்கள் இருந்தன. ஒன்று, ஈரமான வசந்தம். இரண்டு, அசாதாரணமான காலநிலை. மூன்று, 'பீல்ட் ஒபிசரின் உடன்பாட்டோடு எடுக்கப்பட்ட ஒற்றை வகைத் தெரிவு'. பக்கத்தில் அந்த மினிட்ஸின் பிரதி.

திட்டம் என்னுடையது, அதைக் குப்பையில் போட்டது அவர்கள், பழி மட்டும் என் பெயரில். பழி ஓரிடம் பாவம் ஓரிடம். ஆனாலும் அந்த வரி பொய்யென்று என்னால் சொல்ல முடியவில்லை. தலையாட்டியது நான்தான்.

முடிவு இது: அடுத்த கோடையில் ஒரு பாத்தியாவது இலையோடு நின்று காட்ட வேண்டும். இல்லாவிட்டால் தோட்டத்தைப் பிடுங்கிவிட்டு நிலத்தை டெலிவரி வான்கள் நிறுத்தக் கொடுத்துவிடுவார்கள். நானும் டிராக்டர் ஓட்டுகிற இரண்டு பேரும் வீட்டுக்கு.

வேறு வகை நாற்று வாங்க உடனே படிவம் நிரப்பினேன். 'காரணம்' என்ற கட்டத்தில் 'ஒரே வகையை நட்டது பிழை' என்று எழுதினேன். திரும்பி வந்தது. பிழை என்றால் அதற்கு ஒரு உரிமையாளரின் பெயர் வேண்டுமாம். 'மேம்படுத்தல்' என்று மாற்றினேன். மேம்படுத்தலுக்கு அடுத்த வருடம்தான் அனுமதி. 'அவசரம்' என்று எழுதினேன். அவசரம் ரிஸ்க் ரெஜிஸ்டரில் இல்லையாம், அதில் இருந்தது வெறும் 'சாத்தியம்'. இதற்கிடையில் நாற்றுப் பண்ணை அந்த வருடத்து ஓடரை மூடிவிட்டது.

5. புரட்டிப் பார்த்த இலை

செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை பவளமக்கா பயித்தங்காய் வந்து எடுக்கச் சொன்னார். அவர் பையை எடுக்க உள்ளே போன நேரத்தில், வேலியில் கை பட்டது. பழக்கதோஷத்தில் ஒரு இலையைப் புரட்டினேன். பச்சை. அடுத்தது, பச்சை. வேலி நீளத்துக்கு நடந்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஒரு வகையில் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி. மற்ற நான்கும் சுத்தம். எங்கள் தோட்டம் அப்போது தும்புத்தடி நட்டு வைத்த மாதிரி மொட்டையாக நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"என்ன பிள்ளை, வேலியைப் பாத்து அழுறாய்?" என்றபடி பவளமக்கா வந்தார்.

விஷயத்தைச் சொன்னேன். மாசியில் தடி வெட்டித் தரச் சொல்லிக் கேட்டேன். மற்ற வளவுக்காரர்கள் எல்லாரும் உடனே ஓம் என்றார்கள். ஆனால் அவர்களிடம் ஆளுக்கு நாலைந்து கதியால்தான். முழு வேலி பவளமக்காவிடம் மட்டும்.

"ஏலாது," என்றார் அவர். "வேலிப் பிரச்சினைக்குப் பிடிச்ச லோயர் சொல்லிப்போட்டார், எல்லையிலை ஒண்டையும் தொடக் கூடாதெண்டு. போன குளிருக்கு நான் வழக்கமா வெட்டுறதையே வெட்டேல்லை."

"அக்கா, என்ரை வேலை போகப் போகுது."

"உன்ரை வேலை போனால் வேறை வேலை எடுக்கலாம். என்ரை காணி போனால்?"

ஒரு சாண் காணி. நான் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பயித்தங்காயும் போயிருக்கும்.

மாசி வரை காத்திருந்து செந்தில் வீட்டுக் கதவைத் தட்டி, வேலியை வெட்டச் சம்மதமா என்று கேட்டேன். "எனக்கு வெளிச்சம் வந்தா போதுங்க மேடம்," என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "உண்மையச் சொன்னா, அவங்க வேலி அவங்க பக்கமே ஒரு சாண் உள்ளதாங்க இருக்கு. பத்திரத்துல பாத்தேன். சொன்னா நம்ப மாட்டாங்கன்னு சும்மா இருக்கேன்," என்றார்.

அந்தத் தகவலை நான் எங்கேயும் பதியவில்லை. எல்லா உண்மையும் எல்லா நேரத்திலும் உதவாது.

பன்னிரண்டு வருடம் ஒபிஸில் இருந்து நான் கற்ற ஒரே உருப்படியான வித்தை மினிட்ஸ் எழுதுவது. அடுத்த ஞாயிறு காலை இரண்டு பக்கத்தாரையும் வேலியடிக்குக் கூப்பிட்டேன். அளவுநாடா பிடித்தேன். ஒவ்வொரு அடிக்கட்டையும் வீட்டுச் சுவரிலிருந்து எவ்வளவு தூரம் என்று எழுதினேன், படமும் எடுத்தேன். அதைப் பவளமக்கா போனில் லோயருக்கு வாசித்துக் காட்ட, இரண்டு பேரும் கையெழுத்து வைத்தால் வெட்டலாம் என்று அவர் சொன்னார். கடைசி வரியாக வழக்கம்போல எழுதினேன்: 'பவளமக்கா உடன்பட்டார். செந்தில் உடன்பட்டார்.'

செந்தில் கையெழுத்துப் போட்டார். பவளமக்கா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார்.

"இதென்ன, உடன்பட்டார்? நான் எங்கை உடன்பட்டனான்?"

"வெட்டச் சம்மதம்தானே அக்கா?"

"வெட்ட விடுறன். அது வேறை, உடன்படுறது வேறை. எல்லை இதுதான் எண்டு நான் சொன்னதை எழுது. உனக்காக வெட்ட விட்டார் எண்டு எழுது. நான் சொல்லாததை என்ரை பேரிலை எழுதினால் கையெழுத்துப் போடமாட்டன்."

நான்கு வருடத்துக்கு முன்னால் அந்த மீற்றிங் மினிட்ஸ் எனக்கும் ஈமெயிலில் வந்தது. திருத்தம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லவும் என்று அடியில் இருந்தது. நான் திறந்தே பார்க்கவில்லை. வரியை அடித்துவிட்டு அவர் சொன்னபடி எழுதினேன். கையெழுத்துப் போட்டார். நான் வெட்டத் தொடங்கினேன், செந்தில் கட்டுக் கட்டாகக் கட்டித் தந்தார், பவளமக்கா ஒரு அடிக்கட்டையும் அசையவில்லை என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

6. மினிட்ஸில் ஒரு சொல்

அந்தத் தடிகளைச் சாண் சாணாக நறுக்கி, செத்துப்போன அடிக்கட்டைகளைத் தோண்டி எடுத்த ஒரு பாத்தியில் ஐந்து வகையும் கலந்து நட்டோம். கோடை முழுக்க ஒவ்வொரு காலையும் முழங்காலில் நின்று இலை புரட்டினேன். சுற்றிவரச் செம்மஞ்சள். பாத்திக்குள் யூலை கடைசியில் முதல் புள்ளி வந்தது, அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் புள்ளி பரவவில்லை. பக்கத்துச் செடிக்குப் போய், பிடிக்காமல், அங்கேயே நின்றுவிட்டது. செப்டெம்பரில் தோட்டம் மொட்டையாக நிற்க, அந்தப் பாத்தி மட்டும் பச்சையாக நின்றது.

வான் நிறுத்தும் திட்டம் கைவிடப்பட்டது. கம்பனி இணையப் பக்கத்தில் 'சமூக மரபணுப் பங்காளித்துவம்' என்று ஒரு கட்டுரை வந்தது. அதைச் சிந்தித்தவர் என்று பிரசன்னாவின் படம். பவளமக்காவின் வேலி 'நகர்ப்புற வளங்காப்பு நிலையம்' ஆகியிருந்தது. அவருக்கு வாசித்துக் காட்டினேன். "நிலையமெண்டால் ஆக்கள் வருவினமோ? வந்தால் சப்பாத்தைக் கழட்டச் சொல்லு," என்றார்.

முழுத் தோட்டத்தையும் திரும்ப நடுவது பற்றிய மீற்றிங் அதே அறையில், அதே வட்டத்தில் நடந்தது. பிரசன்னா திரையில் என் பாத்தியின் அளவுகளைப் போட்டார். ஐந்து வகையில் ஒன்று மற்றவற்றை விட ஒரு முழம் உயரமாக இருந்தது. அந்தக் கோட்டுக்குப் பச்சை நிறம் அடித்திருந்தார்.

"ஆகவே வெற்றியாளர் இதுதான்," என்றார். "இதை மட்டும் தோட்டம் முழுக்கப் போடுவோம். நிர்மலா, உங்களுக்குச் சம்மதமா?"

தலை தன்பாட்டில் ஆடத் தொடங்கியது. நிறுத்தினேன்.

"ஏலாது," என்றேன். தமிழில்தான் வந்தது.

எல்லாரும் பிரசன்னாவைப் பார்த்தார்கள். அவர் சிரித்துக்கொண்டு, "நிர்மலாவுக்குச் சில கரிசனைகள் உண்டு என்கிறார்," என்று மொழிபெயர்த்தார்.

"நான் அப்படிச் சொல்லவில்லை," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "இல்லை என்று சொன்னேன். போன தடவையும் அதுதான் என் மனதில் இருந்தது, சொல்லாமல் விட்டது என் பிழை. ஐந்து வகையும் கலந்து நட்டால் நான் இருக்கிறேன். ஒன்றுதான் என்றால் வேறு பீல்ட் ஒபிசரைப் பாருங்கள். இதை மினிட்ஸில் எழுதுங்கள்."

காரில் ஏறியதும் பிரசன்னா கதவைச் சாத்திவிட்டு, "அன்ரி, அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ," என்றார். ஞாயிறு கோயிலில் அவருடைய தாயைப் பார்த்தேன். சிரித்தார். நானும் சிரித்தேன். நான்கு வருடம் நான் பயந்த முகம் இதுதான்.

ஐந்து வகையும் கலந்துதான் நட்டார்கள். துரு இன்றைக்கும் அங்கே இருக்கிறது, யூலையில் வரும், ஒரு செடியில் இருந்துவிட்டுப் போகும். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது: வகைகளைக் கலந்து நடுங்கள், இலையைப் புரட்டிப் பாருங்கள், மினிட்ஸ் வந்தால் திறந்து பாருங்கள். இரண்டு மினிட்ஸ் தாள்கள் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. முதலாவதில் 'நிர்மலா உடன்பட்டார்' என்று இருக்கிறது. இரண்டாவதை வெள்ளிக்கிழமைக்குள் மூன்று தரம் திருத்தி அனுப்பினேன். அதில் என் பெயருக்கு நேரே 'இல்லை' என்று இருக்கிறது.